நின்றே வேலை செய்பவர்களுக்கு வரும் நரம்புச் சுருட்டலை இயற்கையாகக் குறைக்க முடியுமா?

(கேள்வி: வயது 31, துணிக்கடை வேலை. இடது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்திருக்கிறது. சாயங்காலம் கால் கனக்கிறது. ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?)

தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷம் சேலை எடுத்துப் போட்டவள் நான். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது மணி வரை நிற்கணும். ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் சாப்பாட்டு நேரமும் பாதியாகிவிடும். கடையில் ஆளே இல்லாத மத்தியானத்தில்கூட உட்கார விடமாட்டார்கள். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம், முழங்காலுக்குக் கீழே மண்புழு நெளிகிற மாதிரி புடைத்துக்கொண்டது. என் அம்மாவுக்கும் இதே கால்தான். வம்சமும் கர்ப்பமும் நின்றே செய்கிற வேலையும் சேர்ந்தால் இது சீக்கிரமே வந்துவிடுகிறது.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். புடைத்துவிட்ட நரம்பை எண்ணெயோ மூலிகையோ பழையபடி சுருக்காது. ஆனால் கனம், உளைச்சல், வீக்கம், ராத்திரி கெண்டைச்சதை இழுத்துப் பிடிக்கிறது, இதையெல்லாம் வீட்டிலேயே நன்றாகக் குறைக்கலாம். எனக்குக் குறைந்தது.

நாம் நரம்பு என்று சொன்னாலும் இது ரத்தக்குழாய்தான், சிரை. காலிலிருந்து ரத்தத்தை மேலே இதயத்துக்கு ஏற்றுகிற குழாய். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது எனக்கு உடனே புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாதான் புரியவைத்தார்: "கிணத்து மோட்டார்ல ஃபுட்வால்வு போச்சுன்னா, ஏத்துன தண்ணி திரும்பக் கீழயே எறங்கிடும் இல்ல கண்ணு, அதுதான்." அதேதான். சிரைக்குள் ரத்தம் திரும்பாமல் தடுக்கச் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அவை பழுதானால் ரத்தம் கீழே தேங்கிக் குழாயை உப்ப வைக்கிறது. மேலே தள்ளுகிற மோட்டார் நம் கெண்டைச்சதை. நடந்தால் மோட்டார் ஓடும். அசையாமல் நின்றால் நின்றுவிடும். உட்கார்ந்தே இருந்தாலும் அப்படித்தான், அதனால் நாற்காலி மட்டும் கிடைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

இது புரிந்த பிறகு, கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலை உயர்த்தி இறக்க ஆரம்பித்தேன். மணிக்கு ஒரு தடவை, இருபது எண்ணிக்கை. சேலை மடிக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போவதை விட்டுவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் பாய் போட்டுப் படுத்து, காலைச் சுவரில் சாய்த்துப் பதினைந்து நிமிஷம். கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்கணும், ஸ்டூல் மேல் நீட்டி வைப்பது போதாது. கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டேன். ஒரு மாசத்தில் ராத்திரி இழுப்பு வெகுவாகக் குறைந்தது.

அழுத்தக் காலுறையைப் பற்றி, அதாவது ரத்தம் கீழே தேங்காதபடி காலை இறுக்கிப் பிடிக்கிற உறையைப் பற்றி, கொஞ்சம் விவரமாகச் சொல்லணும், ஏனென்றால் நிறையப் பேர் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அதைப் போடுவது கொடுமைதான், நானே இரண்டு தடவை விட்டேன். காலையில் எழுந்து, கால் வீங்குவதற்கு முன்னால் போடணும். கடையில் நின்று வீங்கின பிறகு போட்டால் சுருக்கம் விழுந்து அந்த இடத்தில் இறுக்கும். அளவு எடுத்துத்தான் வாங்கணும். சர்க்கரை இருப்பவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவானவர்கள், டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. உடம்பு எடை ஏறாமலும் மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கொள்ளணும். முக்கினால் வயிற்று அழுத்தம் கால் சிரை வரைக்கும் இறங்கும். நம் வீட்டு ராகிக் களியும் கீரைக் கடைசலும் அதற்குப் போதும்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பக்கத்து ஊரில் ஒருவர் எண்ணெய் போட்டு நரம்பை அழுத்தி உருவி விடுவார், அம்மாவைக் கூட்டிப்போனார்கள். வலி கூடியதுதான் மிச்சம். வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் மெல்லத் தடவலாம், உருவக் கூடாது. சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம், சூடு குழாயை இன்னும் விரிக்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கூடவே மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

கடை வேலை என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் அதற்கு முன்பே 2018-ல் வந்துவிட்டது. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால், கூட வேலை செய்கிற அக்காமார்களைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கேட்டுத்தான் மூன்று ஸ்டூல் வாங்கினோம், மாறி மாறி உட்கார்ந்தோம்.

அம்மாவுக்கு ஒரு நாள் குளிக்கும்போது கணுக்கால் பக்கம் நரம்பு வெடித்து ரத்தம் பீய்ச்சியது. பதறி நாற்காலியில் உட்காரவைத்தோம். அது தப்பு. தரையில் படுக்கவைத்து, காலை உயரத் தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியால் அந்த இடத்தைப் பத்து நிமிஷமாவது விடாமல் அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடணும். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்றைக்கு ராத்திரி நல்ல வெளிச்சத்தில் உங்கள் இடது கணுக்காலின் உள்பக்கத்தைப் பாருங்கள். தோல் கருத்தோ, அரிப்பெடுத்தோ, கெட்டியாகவோ இருந்தால் காலுறையோடு நிறுத்தாமல், சிரைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு ஆறாத புண் அந்தக் கறுப்பில்தான் ஆரம்பித்தது.