ஏரியில் படகிலிருந்து ஒரு நாள் முழுக்க மீன் பிடிக்க எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. முதல் தடவையாக இரண்டு நண்பர்களோடு சின்ன மோட்டார் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பெரிய ஏரியில் போகிறோம். என்ன இரை வாங்குவது, எத்தனை தூண்டில் எடுத்துப்போவது, நாள் வீணாகாமல் இருக்க என்ன செய்வது?

பதில்:

இரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கரையிலிருந்து படகுக்கு மாறுகிற எல்லோரும், நானும்தான், முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் வெறுங்கையோடு திரும்பிய நாட்களை எண்ணிப் பார்த்தால், இரை சரியில்லாமல் கெட்டது ரொம்பக் குறைவு. காற்றைப் பார்க்காமல் கிளம்பியதாலும் ஏரி முழுக்க அலைந்ததாலும் கெட்ட நாட்களே அதிகம்.

கரையில் உட்கார்ந்தால் இடத்தைப் பற்றிய யோசனை அதோடு முடிந்துவிடும். படகு கைக்கு வந்ததும் ஏரியே நம்முடையது என்று ஒரு நினைப்பு வரும். பத்து நிமிடம் எதுவும் கடிக்காவிட்டால் "அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாமா" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அப்புறம் பொழுதுக்கும் எஞ்சின் சத்தம்தான். அதனால் மூன்று இடங்களை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது முக்கால் மணி நேரம் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டு ஏறுங்கள்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆழக்கோடுகள் (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) போட்ட வரைபடம் கிடைத்தால் அதைப் பாருங்கள். கோடுகள் நெருங்கி வரும் இடத்தில் அடித்தரை சட்டென்று இறங்குகிறது. விலகி இருக்கும் இடம் சமதரை. அங்கே பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். ஆழமும் மேடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் மீனுக்குப் பிடிக்கும். மேட்டில் மேயலாம், பயந்தால் இரண்டு வால் வீச்சில் ஆழத்துக்குள் போய்விடலாம். நீருக்குள் நீண்டு இறங்கும் நிலமுனை, நடு ஏரியில் மூழ்கிக் கிடக்கும் திட்டு, நீர்ச்செடிகள் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு, ஓடை வந்து கலக்கும் வாய், இவற்றில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடம் இல்லையென்றால் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, நனைந்த நீளத்தைப் பாகக் கணக்கில் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) அளந்து பார்க்கலாம். சோனார் (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) வருவதற்கு முன்னால் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

கோடை என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். ஆழமான ஏரியில் வெயில் காலத்தில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான லேசான தண்ணீர், கீழே குளிர்ந்த கனமான தண்ணீர் (4 டிகிரி செல்சியஸில்தான் நன்னீருக்கு அடர்த்தி அதிகம்), நடுவில் வெப்பம் மளமளவென்று குறையும் ஒரு மெல்லிய அடுக்கு. இவை எளிதில் கலப்பதில்லை. செடியும் பாசியும் செழித்த ஏரிகளில், மக்கி அடியில் சேரும் கழிவு கீழ் அடுக்கின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அப்புறம் அங்கே மீன் எப்படி நிற்கும்? ஆழத்தில்தான் பெரிய மீன் இருக்கும் என்று பதினைந்து மீட்டர் ஆழத்தில் நாள் முழுக்க இரையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். சோனார் திரையில் அந்த நடு அடுக்கு பல சமயம் மங்கலான பட்டையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால், அதற்குச் சற்று மேலே இரையை நிறுத்துங்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மணிவாரியாகக் காற்றின் திசையையும் வேகத்தையும் பாருங்கள். காற்று ஒரே பக்கமாகச் சில மணி நேரம் அடித்தால் மேல்நீரும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களும் எதிர்க்கரையில் போய்ச் சேரும். அவற்றைத் தின்னச் சின்ன மீன் வரும், அதன் பின்னால் பெரியது வரும். அலை மோதிக் கலங்கிக் கிடக்கும் கரை நமக்குத் தொந்தரவாகத் தெரியும், மீனுக்கு அது சாப்பாட்டு நேரம். லேசான காற்றில் அந்தக் கரையை விடாதீர்கள். பலமாக அடித்தால் அங்கே போகாதீர்கள், படகைக் கரையோடு சேர்த்து அறைந்துவிடும்.

பயணத்தின் வரிசையையும் காற்றை வைத்தே போடுங்கள். காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து இடத்துக்கு முதலில். திரும்பும்போது களைத்திருப்பீர்கள், காற்றும் பெரும்பாலும் கூடியிருக்கும். அப்போது அது முதுகில் இருக்க வேண்டும். வெயில் ஏற ஏறக் கரைநிலம் தண்ணீரைவிடச் சீக்கிரம் சூடாவதால் ஏரியிலிருந்து கரையை நோக்கிக் காற்று கிளம்புவதும் உண்டு. காலை கண்ணாடிபோலக் கிடந்த ஏரியை மதியம் அடையாளம் தெரியாது. அலை நுனிகளில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சின்னப் படகுக்கு அதுவே திரும்புகிற நேரம். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. இதைப் படகில் வைத்து விவாதிக்க முடியாது, கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

காற்றழுத்தம் ஏறினால் மீன் கடிக்காது, இறங்கினால் கடிக்கும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வானிலை மாறும்போது அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மாறினாலே பெரிய மாற்றம். தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 98 ஹெக்டோபாஸ்கல் கூடும். அதாவது மீன் ஒரு சாண் மேலேயோ கீழேயோ நகர்ந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. அழுத்தத்தோடு சேர்ந்து வரும் மேகமும் காற்றும் வெளிச்சமும்தான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

விடியும் நேரம்தான் முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் காற்று வரும் பக்கத்தில் குறித்த இடங்களில் எது சிறந்ததோ அங்கே வெளிச்சம் வரும்போது தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். தூண்டில் நரம்பு (மீன்பிடி நூல்) கோர்ப்பது, முள் கட்டுவது எல்லாம் முந்தின இரவே முடியட்டும். அரை இருட்டில் மூன்று பேரும் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் நல்ல நேரம் போய்விடும். நடுப்பகலில் ஆழமான விளிம்புக்கு மாறுங்கள், அல்லது சாப்பிட்டுவிட்டு ஒருவர் தூங்கட்டும். மாலைக்குப் படகுத்துறைக்குப் பக்கத்து இடத்தை ஒதுக்கி வையுங்கள்.

இடத்தை நெருங்கும்போது ஐம்பது, அறுபது மீட்டருக்கு முன்பே எஞ்சினை நிறுத்தித் துடுப்புப் போடுங்கள். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கும் மேல். நீங்கள் பேசுவது தண்ணீருக்குள் அவ்வளவாக இறங்காது, தாராளமாகப் பேசலாம். ஆனால் தூண்டில் பெட்டியைப் படகின் தரையில் தொப்பென்று போட்டால் அது முரசு அடித்த மாதிரி. பழைய கோணியோ ரப்பர் விரிப்போ தரையில் போடுவது எந்த விலையுயர்ந்த இரையையும்விடப் பலன் தரும்.

நங்கூரத்தை எப்போதும் படகின் முன்முனையில் கட்டுங்கள். பின்பக்கம் எஞ்சினும் கனமும் இருக்கும், விளிம்பும் தாழ்வு. அங்கே கட்டினால் வருகிற அலை உள்ளே ஏறும். சின்னப் படகுகள் அப்படி மூழ்கியிருக்கின்றன. கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது வேண்டும். ஆறு மீட்டர் ஆழத்துக்கு முப்பது மீட்டர். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் தரையைக் கவ்வாமல் இழுபட்டுக்கொண்டே வரும்.

அப்புறம் அந்த அடைப்பான். பல படகுகளின் பின்பக்க அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதற்கு ஒரு திருகு அடைப்பான். தெரிந்தவர் ஒருவரின் படகை இரவல் வாங்கி ஒருநாள் போனேன். பாதி ஏரி போன பிறகு "செருப்பு ஏன் மிதக்கிறது" என்று கூட வந்தவர் கேட்டார். அடைப்பான் என் சட்டைப் பையில் இருந்தது. ஒருவர் வாளியால் மொண்டு ஊற்ற, நான் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓட்டையைத் தடவித் திருகினேன். அன்றிலிருந்து படகு தண்ணீரைத் தொடும் முன் வாய்விட்டு "அடைப்பான்" என்று சொல்லிப் பார்ப்பேன். வாடகைப் படகென்றாலும் நீங்களே குனிந்து பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு போட முடியாது. குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தறிகெட்டு ஓடும், பத்து நிமிடத்துக்குள் கைவிரல்கள் சொன்னபடி கேட்காது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதுதான் கதி. ஓட்டுபவர் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை அணைக்கும் சுருள் கயிறு இருந்தால் ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூன்றாவதைத் தொடாதீர்கள். இடி காதில் விழுந்தாலே கரைக்குப் போங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். கார்பன் ஃபைபர் தூண்டில் கம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், திறந்த ஏரியில் உயரமாக நீட்டியிருப்பதும் அதுதான். இன்னொன்று, சிறுநீர் கழிக்கப் படகின் விளிம்பில் எழுந்து நிற்காதீர்கள். சிரிக்க வேண்டாம், உயிர் போனவர்கள் உண்டு. ஒரு பழைய பாட்டில் போதும். எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். உரிமம், பிடிக்கக்கூடிய அளவு, இனப்பெருக்கக் காலத் தடை எல்லாம் ஏரிக்கு ஏரி மாறும். அதையும் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

இப்போது இரை. உயிருள்ள இரைக்கு அனுமதி இருந்தால் மண்புழு ஒரு டப்பா. செயற்கை இரையில் மூன்று போதும்: மேல்நீரில் ஓடுகிற ஒன்று, நடுவில் இழுக்கும்போது தகடு சுழலும் ஸ்பின்னர் ஒன்று, அடிக்குப் போகும் கனமான ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகத் தகடு) ஒன்று. ஸ்பூனை எறிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். பத்து எண்ணி இழுக்கும்போது மீன் கடித்தால் அடுத்த எறிதலிலும் பத்துதான். எண்ணாமல் இழுப்பவருக்கு ஒரு மீன் தற்செயலாகக் கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. திருப்பி விடப்போகும் மீனை ஈரக் கையால் பிடியுங்கள், வறண்ட கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும்.

தூண்டில் ஆளுக்கு இரண்டு. ஒரே நேரத்தில் தண்ணீரில் இருப்பது ஆளுக்கு ஒன்று. மூன்று பேர் இருக்கும் சின்னப் படகில் ஆறு நரம்பு தண்ணீரில் இறங்கினால், அன்றைக்கு நீங்கள் அதிகம் பிடிக்கப்போவது ஒருவர் நரம்பை இன்னொருவர்தான்.