நோட்டில் எழுதத் தயங்கும் மகள்: காட்டைப் பற்றி என்ன சொல்லித் தருவது?

கேள்வி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், காகிதத்துக்காகத்தான் காடுகள் அழிகின்றன என்று வகுப்பில் கேட்டதிலிருந்து நோட்டில் எழுதவே தயங்குகிறாள். 500 ரூபாய் கட்டினால் அவள் பெயரில் மரம் நட்டுச் சான்றிதழ் தருவதாக ஒரு படிவமும் பள்ளி வழியாக வந்திருக்கிறது. அவளுக்கு எப்படி விளக்குவது?

பதில்: முதலில் அவளைத் தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். நம் நாட்டுக் காகிதத்தில் பெரும்பகுதி பழைய காகிதம், கரும்புச் சக்கை, உழவர்கள் வளர்க்கும் சவுக்கு, தைலமரம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. கரூர் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் தொடங்கப்பட்டதே கரும்புச் சக்கையை நம்பித்தான். இது பாடப்புத்தகத்துக்கு இன்னும் எட்டாததால், ஆண்டுதோறும் பிள்ளைகள் சார்ட் அட்டை வாங்கி, அதில் 'காகிதத்தைச் சேமிப்போம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

உலகில் அழியும் காடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு, விளைநிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாற்றப்படுவதற்காகவே அழிகிறது என ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2021இல் தெரிவித்தது. மரம் வேண்டி வெட்டுவதைவிட, அது நிற்கும் இடம் வேண்டி அழிப்பதே அதிகம் என்ற ஒன்றை மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள்.

இதைக் காட்ட ஒரு பிஸ்கட் பாக்கெட் போதும். அதன் பின்புறத்தில் எடை அதிகமான பொருள் முதலில் வரும்படி அச்சிட்டிருப்பார்கள். மாவு, சர்க்கரைக்கு அருகில் பெரும்பாலும் பாமாயிலோ பாமோலினோ இருக்கும். குளியல் சோப்பின் உறையில் அதுவே 'சோடியம் பால்மேட்' என்ற பெயரில் இருக்கும். பிறகு வரைபடத்தில் தென்கிழக்காசியத் தீவுகளான சுமத்ராவையும் போர்னியோவையும் காட்டி, ஒராங்குட்டான் வாழும் அந்தக் காடுகளின் பெரும்பரப்பு, பாமாயில் தரும் எண்ணெய்ப்பனைத் தோட்டமாகிவிட்டதையும், உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடு என்பதையும் சொல்லுங்கள். அந்த எண்ணெய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று அவள் கேட்டால், பாக்கெட்டில் பதில் இராது. எறும்பளவு எழுத்தில் எத்தனையோ அச்சிட வைக்கும் விதிகள் இதை மட்டும் கேட்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பாமாயிலே பாவம் என்று அவள் மனத்தில் பதிந்துவிடக் கூடாது. உலகச் சராசரியில் ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை ஆண்டுக்குச் சுமார் 3 டன் எண்ணெய் தருகிறது. சூரியகாந்தி அதே நிலத்தில் 1 டன்னைத் தொடுவதே அரிது. ஆகவே எல்லோரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் இன்னும் அதிக நிலம் தேவைப்படும். மேலும், ரேஷன் கடையில் மலிவு விலையில் கிடைக்கும் பாமாயிலில்தான் எத்தனையோ வீடுகளின் சமையல் நடக்கிறது. அவள் பக்கத்தில் அமரும் பிள்ளையின் வீடும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கல்வியாகாது. பழைய விளைநிலத்தில் பயிரான பனை வேறு, காட்டை எரித்து நட்ட பனை வேறு. தேவையில்லாமல் வாங்கும் நொறுக்குத்தீனியைக் குறைப்பதே நம் கையில் உள்ளது.

அந்தப் படிவத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் குற்றவுணர்வைக் காசாக்கும் இடைத்தரகர்கள் இப்போது பள்ளி வாசல்வரை வந்துவிட்டார்கள். கன்று நடுவது எளிது. இரண்டு கோடைகள் தண்ணீர் ஊற்றிக் காப்பதுதான் செலவு. எந்த ஊரில், யாருடைய நிலத்தில், என்ன மரம் நடுவார்கள், மூன்றாம் ஆண்டில் போய்ப் பார்க்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்திலேயே பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.