மூட்டு, தசை நோய்களும் எம்.ஆர்.ஐ.யும்: கேள்வி பதில்

எலும்பு, மூட்டு, தசை ஸ்கேன்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மருந்தை மாற்றலாமா, நிறுத்தலாமா என்று கேட்டவர்கள் உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

வயது 27, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. ஒரு வருடமாக இடுப்பு வலி. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விறைப்பு, நடந்தால் குறைகிறது. முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.யில் லேசான டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருப்பது) என்றார்கள். இப்போது ரூமட்டாலஜிஸ்ட் (மூட்டு அழற்சி நோய் நிபுணர்) இன்னொரு எம்.ஆர்.ஐ. கேட்கிறார். மறுபடியும் செலவு தேவையா சார்?

தேவை. ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிற வலி, அதுவும் இந்த வயதில் என்றால், சாதாரண டிஸ்க் வலி மாதிரித் தெரியவில்லை. முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் இருக்கும் சேக்ரோஇலியாக் மூட்டுகளில் அழற்சி இருக்கிறதா, அதாவது ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்ற முதுகெலும்பு அழற்சி நோயா என்று உங்கள் டாக்டர் பார்க்க நினைக்கிறார். நீங்கள் எடுத்த ஸ்கேன் அந்த மூட்டுக்கானது இல்லை. அதன் சாய்வுக்கு ஏற்ற கோணத்தில் தனியாக எடுத்தால்தான் சரியாகத் தெரியும்.

எக்ஸ்ரேயில் எலும்பு அரித்த பிறகுதான் மாற்றம் தெரியும். அதற்குப் பல வருடம் ஆகலாம். எம்.ஆர்.ஐ.யில் ஸ்டிர் என்று ஒரு முறை உண்டு. கொழுப்பிலிருந்து வரும் சிக்னலை அது அமுக்கிவிடும். மஜ்ஜையில் நீர் கோத்திருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். இதனால்தான் இந்த நோய்க்கு 2009-இல் வந்த சர்வதேச வகைப்பாட்டு விதிகள் எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் எம்.ஆர்.ஐ.க்கும் இடம் கொடுத்தன.

ஆனால் வெள்ளையாகத் தெரிந்தாலே நோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஓட்டக்காரர்களிடமும், பிரசவம் ஆன பெண்களிடமும் அங்கே நீர்க்கோப்பு வருவதுண்டு. எலும்பு அரிப்பும் இருக்கிறதா என்று வேறு படங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: ஒரே பக்கம் மட்டும் தீவிரமாக இருந்தால் காசநோயை நினைக்காமல் விடக் கூடாது. எச்எல்ஏ-பி27 (இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு அடையாளம்) ரத்தப் பரிசோதனை, உங்கள் அறிகுறிகள் எல்லாவற்றையும் வைத்து டாக்டர் முடிவெடுப்பார். இந்த ஸ்கேனுக்குப் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) வேண்டாம்.

அந்த டிஸ்க் பல்ஜ் பற்றிக் கவலை வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஓர் ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது.

அம்மாவுக்கு 61 வயது, முழங்கால் வலி. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஜவ்வுக் கிழிசல், தேய்மானம், எலும்பு முள் என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் கட்டாயமா?

ரிப்போர்ட்டின் நீளத்தை வைத்து ஆபரேஷன் முடிவாவதில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 50 வயது தாண்டிய, எக்ஸ்ரேயில் தேய்மானமே தெரியாத 710 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தது. 2012-இல் வெளிவந்த முடிவு இது. வலி இல்லாதவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான். அம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கால் மடக்கிய நிலையில் பூட்டிக்கொள்கிறதா, நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இடைவெளி எவ்வளவு என்பவைதான் முக்கியம். இந்த வயதில் நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயே முதலில் போதும் என்பது என் கருத்து. நேரே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

குருத்தெலும்பு தேயும் முன்பே காட்டும் "கார்டிலேஜ் மேப்பிங்" என்று ஒரு சென்டரில் சொன்னார்கள். கூடுதல் கட்டணம். எடுக்கலாமா? வயது 38, மாரத்தான் ஓடுவேன்.

தொழில்நுட்பம் உண்மையானது. குருத்தெலும்பில் கொலாஜன் நார்கள் வலை மாதிரிப் பின்னி, நீரை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. வலை குலைந்தால் நீரின் நடமாட்டம் கூடும். டி2 என்ற நேர அளவு, மில்லி செகண்டில், உயரும். டி1-ரோ என்ற இன்னொரு அளவு, குருத்தெலும்பில் நீரை ஈர்த்து வைக்கும் புரோட்டியோகிளைக்கன் என்ற பொருள் குறைவதை உணரும். படத்தில் குருத்தெலும்பு முழுசாகத் தெரியும்போதே எண் மாறத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய 'ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ்' 4,796 பேரைச் சேர்த்து, அவர்கள் முழங்கால்களை 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் புல வலிமையின் அலகு) மெஷினில் பல வருடம் தொடர்ந்து படம் எடுத்தது. இந்தத் துறையில் இன்று தெரிந்ததில் நிறைய அங்கிருந்து வந்ததுதான்.

ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியைப் பார்ப்பதற்கும் ஒருவருடைய முழங்காலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மெஷின் மாறினால் எண் மாறும். நார்கள் காந்தப் புலத்துக்குச் சுமார் 55 டிகிரி சாய்ந்திருக்கும் இடத்தில், நோயே இல்லாமல் டி2 கூடித் தெரியும். காலையில் ஓடிவிட்டு வந்து படுத்தால் அதுவே எண்ணைக் கொஞ்சம் இறக்கிவிடும். எண் கூடியிருந்தால்தான் என்ன செய்வது? குருத்தெலும்புத் தேய்மானத்தை நிறுத்தும் என்று நிரூபணமான மருந்து இன்னும் இல்லை. குருத்தெலும்பை ஒட்டவைத்த ஆபரேஷனுக்குப் பிறகு கண்காணிக்க என்றால் அர்த்தம் உண்டு. உங்களுக்கு வேண்டாம்.

என் மகனுக்கு 8 வயது. ஜீன் டெஸ்டில் டுஷென் தசைச்சிதைவு நோய் என்று உறுதியாகிவிட்டது. இப்போது தொடைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். தெரிந்த நோய்க்கு ஸ்கேன் எதற்கு டாக்டர்?

நோய் எது என்று கண்டுபிடிக்க இல்லை அம்மா, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்க. இந்த நோயில் தசை அழிந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் சற்றே வெவ்வேறு அதிர்வெண்ணில் சுழலும். அதைப் பயன்படுத்தி இரண்டையும் பிரிக்கும் வழியை 1984-இல் டிக்சன் காட்டினார். இன்று அதன் வளர்ந்த வடிவத்தால் ஒவ்வொரு தசையிலும் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எண்ணாகச் சொல்ல முடியும். ஆறு நிமிட நடைப் பரிசோதனை குழந்தையின் மனநிலையைப் பொறுத்தது; ஒரு நாள் அடம் பிடித்தால் எண் மாறிவிடும். கொழுப்புச் சதவீதம் அப்படி மாறாது. நடையில் தெரியும் முன்பே தொடைத் தசையில் மாற்றம் பிடிபடும். மருந்து ஆய்வுகளிலும் இதை அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஊசி வேண்டாம், கதிர்வீச்சும் கிடையாது. சத்தம் மட்டும் பலமாக இருக்கும், காதை மூடிவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை பழக்கினால் அசையாமல் படுத்துவிடும். ஒருவேளை மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், டுஷென் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சக்சினைல்கோலின் போன்ற சில மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து.

ஜீன் டெஸ்டில் விடை கிடைக்காத குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தத் தசை கெட்டது, எது தப்பியது என்ற அமைப்பே துப்பு கொடுக்கும். டுஷெனில் கிராசிலிஸ், சார்ட்டோரியஸ் என்ற தொடைத் தசைகள் இரண்டும் வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். ஜி.என்.இ. மயோபதி என்ற பரம்பரைத் தசை நோயில் தொடையின் முன்பக்கத் தசை தப்பிவிடும்.

தசை அழற்சி என்று சந்தேகம். பயாப்ஸியில் (தசைத் துணுக்கை எடுத்துச் செய்த சோதனையில்) ஒன்றும் இல்லை. இப்போது எம்.ஆர்.ஐ. எதற்கு?

இந்த நோய் தசையில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஊசி நோய் இல்லாத இடத்தில் இறங்கியிருந்தால் பயாப்ஸி நார்மலாகத்தானே வரும்? ஸ்டிர் படம் எங்கே எடுக்க வேண்டும் என்று காட்டும். பின்னாலும் உதவும்: ஸ்டீராய்டு சாப்பிடும்போது பலவீனம் கூடினால், நோய் திரும்பியதா, மருந்தின் விளைவா என்ற குழப்பம் வரும். நீர்க்கோப்பு இல்லாவிட்டால் நோய் திரும்பியிருக்கும் வாய்ப்பு குறைவு. ஸ்கேனுக்கு முந்தைய சில நாட்கள் ஜிம் வேண்டாம், கடுமையான பயிற்சியும் அதே மாதிரி வெள்ளைத் திட்டுகளைக் காட்டும்.

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (முடக்குவாதம்), மருந்தில் நன்றாக இருக்கிறேன். வருடத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். டென்மார்க்கில் உங்களைப் போல் நோய் அடங்கியிருந்த 200 பேரை இரண்டு பிரிவாக்கி இரண்டு வருடம் பார்த்தார்கள். ஒரு பிரிவில் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த மஜ்ஜை நீர்க்கோப்பு மறையும்வரை மருந்தைக் கூட்டினார்கள். 2019-இல் வந்த முடிவின்படி, நோய் அடங்கியிருப்பதிலோ எக்ஸ்ரே சேதத்திலோ அந்தப் பிரிவுக்கு ஆதாயம் இல்லை. சிகிச்சைக் காலத்தில் தீவிரமான உடல்நலப் பாதிப்புகள் மட்டும் அந்தப் பிரிவில் 17 பேருக்கு, மற்றதில் 6 பேருக்கு. ஆரம்பத்தில் நோயா இல்லையா என்று சந்தேகம் வரும்போது எம்.ஆர்.ஐ. பெரிய உதவி. அடங்கிய நோய்க்கு டாக்டரின் கையும் ரத்தப் பரிசோதனையும் போதும், தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட்.

கிரியாட்டினின் கொஞ்சம் அதிகம். கான்ட்ராஸ்ட் போடலாமா?

கிரியாட்டினினை விட, சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பாருங்கள். 30-க்குக் கீழே என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கான்ட்ராஸ்டாகப் போடும் கடோலினியம் மருந்துகளில், உலோகத்தை வளையம் போன்ற மூலக்கூறு இறுக்கிப் பிடித்திருக்கும் இன்றைய வளைய வகை மிகப் பாதுகாப்பானது. கர்ப்பம் என்றால் தவிர்ப்போம்.

காலில் டைட்டானியம் பிளேட் இருக்கிறது. 3 டெஸ்லாதான் நல்லது என்கிறார்களே?

டைட்டானியம் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை, ஆபரேஷன் விவரச் சீட்டைக் கொண்டு போங்கள். உலோகத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் 1.5 டெஸ்லாவே மேல், படம் குறைவாகச் சிதையும். உலோகச் சிதைவைக் குறைக்கும் முறை அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பழைய ஃபிலிம்களைத் தூக்கிப் போடலாமா?

ஃபிலிம் போனால் போகட்டும், சி.டி.யைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது முடிந்தால் அதே சென்டர், அதே மெஷின். பழைய சி.டி.யையும் ரிப்போர்ட் எழுதுபவர் கையில் போய்ச் சேரும்படி கொடுங்கள், கவுண்ட்டரில் விட்டுவிட்டு வராதீர்கள்.