வாசகர் கேள்வி - பதில்: பவளத் தொட்டியில் பெருகும் கடல் சாமந்தி

கேள்வி: வீட்டில் வைத்திருக்கும் கடல்மீன் தொட்டியில், பவளங்களுக்கு இடையே பழுப்பு நிறத்தில் சிறு கடல் சாமந்திகள் முளைத்துள்ளன. கத்தியால் சுரண்டி எடுத்த பிறகு இன்னும் பெருகிவிட்டன. அந்தக் கல்லைக் கடலிலேயே போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: மெலிந்த தண்டும் நீண்ட கைகளும் கொண்டு, தொட்டவுடன் கல்லின் துளைக்குள் சுருங்கிக்கொள்கிறது என்றால் அது பெரும்பாலும் ‘ஐப்டேசியா’ என்ற கடல் சாமந்தி வகைதான்; பூப்போல் தெரிந்தாலும் அது ஒரு விலங்கு. அதன் அடிப்பாகத்தில் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தாலும் அதிலிருந்து முழு உயிர் வளர்ந்துவிடும் என்பதால், சுரண்டுவது நாற்று நடுவதற்குச் சமம். கொட்டும் செல்களால் அது பவளத்தைப் புண்ணாக்கும். உடலில் நுண்பாசி இருப்பதால் வெளிச்சத்தைக் கொண்டே உயிர் வாழும். மீன்களுக்குப் போடும் தீனி மிஞ்சினால் இன்னும் வேகமாகப் பரவும்.

இருந்த இடத்திலேயே முழுதாகக் கொல்வதுதான் வழி. தூய நீற்றுச் சுண்ணாம்பைத் தயிர்ப் பதத்தில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் அது வேண்டாம். நீரோட்டப் பம்புகளை நிறுத்திவிட்டு, அது சுருங்காதபடி மெல்ல நெருங்கி, கைகளுக்கு நடுவிலுள்ள வாயின்மேல் கரைசலை விட்டு, உடல் முழுதும் மூடியபின் சிறிது நேரம் அசையாமல் விடுங்கள். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்துவதால் ஒரே நாளில் சிலவற்றுக்கு மேல் தொடக் கூடாது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

பெப்பர்மின்ட் இறால் சிறியவற்றைத் தின்னும். ஆனால் வேறு தீனி தாராளமாகக் கிடைத்தால் திரும்பிப் பார்க்காது. பெர்கியா என்ற ஓடில்லாத சிறு கடல் நத்தை ஐப்டேசியாவை மட்டுமே உண்பதால் நம்பகமானது. எல்லாம் தீர்ந்தபின் அதுவே பட்டினி கிடக்கும் என்பதால் முன்கூட்டியே இன்னொரு தொட்டிக்காரரிடம் பேசி வையுங்கள்.

கல்லைக் கடலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி, மண்டபத்தை அடுத்த குருசடைத் தீவில் உயிர்ப்பவளங்களின்மேல் படர்ந்திருந்தது 2008இல் பதிவானது. கடை வழியாக எங்கிருந்தோ வந்த கல்லில் இன்னும் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாத நிலையில், அதே நீரில் அதை விடுவது நம் பவளப் பாறைகளுக்குச் செய்யும் தீங்கு.

கல்லையே தொட்டியிலிருந்து எடுத்துவிட நினைத்தால், அதை வெயிலில் வாரக்கணக்கில் நன்றாகக் காயவிடுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம். கல்லில் சோவாந்திட் எனப்படும், கடல் சாமந்திக்கு உறவான சிறு உயிர்கள் இருந்தால் அவற்றின் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு மூச்சில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ந்த கல்லைக் கழுவி, ஊறவைத்து, மீண்டும் பயன்படுத்தலாம். அதற்குப் பதிலாகக் கரையோரப் பவளக் கல்லைப் பெயர்த்து வந்துவிடாதீர்கள். பாறையமைக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன.