கூரைக் கூடாரத்துக்கு முன் எடை மேடை

கேள்வி: பழைய இசுசு வி-கிராஸ் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். வரும் ஜூனில் மனைவி, 6 மற்றும் 11 வயதுப் பிள்ளைகள், அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு வரை போக ஆசை. வண்டிக் கூரைமேல் விரித்துப் படுக்கும் கூரைக் கூடாரம், இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் எல்லாம் போடச் சொல்கிறார்கள். எதில் தொடங்கட்டும்?
- வாசகர், ஈரோடு

பதில்: அம்மாவையும் விட்டுவிடாமல் ஐவரும் ஒன்றாகக் கிளம்புகிறீர்களே, அதற்கே என் வாழ்த்து.

கடைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், பக்கத்தில் இருக்கும் எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். டேங்க் நிறைய டீசல், ஐந்து பேரும் உள்ளே, பெட்டிகளும் தண்ணீர் கேன்களும் பின்னால். மொத்த எடையை ஒரு முறை, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு முறை எடுங்கள். கையேட்டில் உள்ள அதிகபட்ச எடைகளோடு ஒப்பிடுங்கள். கையேடு இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள்.

பிக்கப் என்றாலே டன் கணக்கில் ஏற்றலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஐந்து பேர் உட்காரும் டபுள் கேப் வண்டிக்கு அது பொருந்தாது. ஆட்களே 280, 300 கிலோ வந்துவிடுவார்கள். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. கூரைக் கூடாரம் சுமார் 60 கிலோ, அதுவும் உச்சியில். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் இன்னொரு ஆள் எடை. இத்தனையும் ஏறினால் மலை இறக்கத்தில் பிரேக்கும், குழிகளில் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளும் அவதிப்படும். கூடாரத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. காசா, லாங்ஸா, தாபோ எல்லா ஊர்களிலும் வீட்டோடு தங்கும் வசதி இருக்கிறது. அந்த உயரத்து இரவுக் குளிரில் அம்மாவை ஏணி ஏற்ற வேண்டாம்.

பம்பரும் லிஃப்ட்டும் வேண்டவே வேண்டாம். வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகளான புல் பார்களுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சிக்கலாகும்.

டயரில் காசு போடுங்கள். அதே அளவில், தார்ச்சாலைக்கும் கரடுமுரடான வழிக்கும் ஏற்ற நல்ல ஆல்-டெரைன் டயர் ஐந்து, ஸ்டெப்னியையும் சேர்த்து. கூடவே ஒரு காற்றடிக்கும் கம்ப்ரசர், இழுவைப் பட்டை.

அடுத்து, பின் தொட்டிக்கு ஒரு மூடி. ஸ்பிதி தூசி மாவு மாதிரி இருக்கும், ஓடும் வண்டியின் பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே இழுபட்டுவிடும். மூடி போட்டதும் நல்ல வெயில் நேரத்தில் நீங்களே உள்ளே படுத்துக்கொண்டு வெளியிலிருந்து மூடச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் தூசி வரும் வழி. சாக்பீஸால் குறித்துக்கொண்டு அங்கெல்லாம் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். கனமான சாமான்களைக் கேபினை ஒட்டித் தாழ்வாக வைத்து, இறுக்கிப் பூட்டும் ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள். வெறும் ரப்பர் கயிறு போதாது. பிள்ளைகளை அந்தத் தொட்டியில் ஒரு தெரு தூரம்கூட உட்கார வைக்காதீர்கள். சின்னவருக்குப் பின்சீட்டில் பூஸ்டர் சீட் போடுங்கள்.

வழியைச் சிம்லா, ராம்பூர், கல்பா, நாக்கோ, தாபோ, காசா என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் படிப்படியாக ஏறுவதால் உடம்பு பழகும். மணாலி பக்கம் போனால் ஒரே நாளில் 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் கணவாயைக் கடக்க வேண்டிவரும். திரும்பும்போது அந்த வழியாக வந்தால் ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனி உருகித் தண்ணீர் ஏறும். அம்மாவின் மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம், ஏப்ரலில் ஒரு ஞாயிறு அதே சாமான்கள், அதே ஐந்து பேரோடு கொல்லிமலை ஏறி இறங்குங்கள். பிக்கப்பின் பின்சீட்டுச் சாய்மானம் கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பிறகு அம்மாவுக்கு இடுப்பு வலித்தால், டெல்லி வரை ரயிலில் அனுப்பிவிட்டு நீங்கள் அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.