விளிம்பு ஏன் இவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது?

கொழும்புக் கடற்கரையில், காலிமுகத்திடலில் மாலை நேரம். கடலும் வானும் சந்திக்கும் கோட்டை ஒட்டி வானம் சற்றுக் கூடுதலாகவே வெளிர்ந்து தெரியும். ஏன்?

அடுத்தடுத்த இடங்களின் வெளிச்ச வேறுபாட்டை விழித்திரையே மிகைப்படுத்துகிறது. அங்கே ஒளியுணரும் கலங்கள் 10 கோடிக்கு மேல். மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளோ ஏறத்தாழ 10 இலட்சம்தான். எல்லாவற்றையும் அனுப்ப வழியில்லை. ஆகவே தூண்டப்பட்ட கலம் தன் அயல் கலங்களின் சமிக்ஞையை அடக்குகிறது. சீரான பரப்பில் எல்லாக் கலங்களும் ஒன்றையொன்று அடக்குவதால் செய்தி மெலிகிறது. விளிம்பின் வெளிச்சப் பக்கக் கலத்தை இருண்ட அயல் கலங்கள் குறைவாகவே அடக்குவதால் அங்கே ஓங்குகிறது.

புறக்கோட்டை நடைபாதையில் வியாபாரிகள் எல்லோரும் "நூறு ரூபா" என்று கூவினால் காதில் ஏறாது. ஒருவர் "எண்பது" என்றதும் திரும்புகிறோம்! (விளிம்பு கூர்மையாகத் தெரிவதில் மூளைக்கும் பங்குண்டு, அது நீண்ட கதை.)

ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இலேயே இதை விவரித்தார். பலர் நினைப்பதுபோல் இது பார்வைக் கோளாறு அல்ல. நலமான கண்ணுக்கும் இப்படித்தான் தெரியும்.