எழுத்தையும் குலுக்கிப் பார்க்கலாம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அல்வாக் கடைக்கு 500 ஸ்டிக்கர் லேபிள் கேட்டிருக்கிறார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாதாம். ஆஃப்செட்டில் ஒரு பிளேட்டுக்கு ஒரு டிசைன்தான் என்று பிரஸ்காரர் கையை விரித்துவிட்டார். 500-ஐயும் உட்கார்ந்து வரைய எங்கே நேரம்?
– டிடிபி சென்டர் நடத்துபவர், திருநெல்வேலி டவுன்

பதில்: பிரஸ்காரர் சொன்னது சரிதான். இது டிஜிட்டல் பிரஸ் வேலை. முதலில் மாறக் கூடாதவற்றை ஒதுக்கிவையுங்கள்: கடைப் பெயர், எடை, விலை, சைவக் குறியான பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண். இவற்றுக்காக லேபிளின் நடுவில் 36×40 மி.மீ. வெள்ளைக் கட்டம் விட்டுவிடுங்கள். குலுக்கல் எல்லாம் பின்னணியோடு நிற்கட்டும்.

பின்னணிக்கு எளிய வழி, 1704-இல் பிரெஞ்சுத் துறவி செபாஸ்டியன் ட்ரூஷே எழுதிய ஓடு முறை. ஒரு சதுர ஓட்டைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதிக்கு மட்டும் வண்ணம் கொடுங்கள். அதைத் திருப்பி வைக்க 4 திசை உண்டு, அவ்வளவுதான் சரக்கு. லேபிள் 60×90 மி.மீ., ஓடு 10 மி.மீ. என்றால் உள்ளே 54 ஓடு. வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாதிருக்கச் சுற்றிலும் ஒரு வரிசை கூடுதலாக வரைந்து, 2 மி.மீ. ப்ளீடு விட்டு 64×94-க்கு நறுக்குங்கள். ஆக 8×11, மொத்தம் 88 ஓடு.

ஒவ்வோர் ஓட்டுக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டினால் ஒரே திசை ஐந்தாறு அடுத்தடுத்து விழும். கணக்குப்படி அதில் தப்பில்லை. கடைக்காரர் கண்ணுக்கு அது அச்சுப் பிழை. அதனால் திசைக்கு 22 வீதம் 88 சீட்டை ஒரு பையில் போட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் நிரல் எழுதுங்கள். நிரல் எழுதிப் படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ்-இல் ‘ஷஃபிள்’ கட்டளை இதைச் செய்யும். இடப்பக்க ஓடும் மேல் ஓடும் அதே திசையாக இருந்தால், அந்தச் சீட்டைப் பின்னால் தள்ளி அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.

லேபிள் எண்ணையே விதை எண்ணாக, அதாவது குலுக்கலின் தொடக்க எண்ணாக, ‘ரேண்டம்சீட்’டில் கொடுங்கள். 217-ஆம் லேபிள் கிழிந்துபோனால் அதே எண்ணைக் கொடுத்து அதே படத்தை மறுபடி எடுக்கலாம். ஆனால் வேலை தொடங்கியபின் நிரலின் நடுவே இன்னொரு ‘ரேண்டம்’ சேர்த்தால், அதற்குப் பின் வருவதெல்லாம் மாறிவிடும். சீராக ஏறி இறங்கும் தற்செயல் எண் தரும் ‘நாய்ஸ்’ பயன்படுத்தினால் அதற்கு ‘நாய்ஸ்சீட்’ தனி.

300 டிபிஐ-க்கு கேன்வாஸ் 756×1110 பிக்சல். ‘பிக்சல்டென்சிட்டி’யை 1 என்று வையுங்கள், இல்லாவிட்டால் சில மடிக்கணினிகளில் படம் இரட்டிப்பு அளவில் சேமிக்கப்படும். 12×18 அங்குலத் தாளில் 18 லேபிள் உட்காரும். 28 தாளுக்கு 504. சேதாரத்துக்கு 2 தாள் கூட வையுங்கள். படம் திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில் வருவதால், அச்சில் நிறம் மாறலாம்; எடுத்த வண்ணங்களை முதலில் ஒரு தாளில் அடித்துப் பாருங்கள். மேலே லேமினேஷன் அவசியம். நம்மூர் அல்வாவின் நெய் வெறும் பேப்பர் ஸ்டிக்கரை விட்டுவைக்காது.

கேள்வி: தமிழ் எழுத்தைப் புள்ளிகளாக உடைத்து நடுங்கவிடப் பார்த்தேன். ‘கொக்கு’ என்று கொடுத்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஏன்?
– மாணவி, பாளையங்கோட்டை

பதில்: கொம்பு, க, கால் என்று வரிசை மாற்றி அடுக்குவது எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் ‘ஷேப்பிங் எஞ்சின்’ என்ற மென்பொருளின் வேலை. பிரவுசரில் அது உண்டு. எழுத்தைப் புள்ளிகளாக்கும் பி5.ஜேஎஸ் கட்டளையான ‘டெக்ஸ்ட்டூபாயின்ட்ஸ்’ அதைச் செய்வதில்லை, யூனிகோடு வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் சொல்லைத் தட்டி, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தைக் கோடுகளாக்கி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, அந்தக் கோடுகளை நடுங்கவிடுங்கள்.

இந்த யோசனைக்கு மூத்தது 1990-இல் வந்த ‘பியோவுல்ஃப்’ எழுத்துரு. எரிக் வான் புளோக்லாந்து, யுஸ்ட் வான் ரோசம் என்ற இரு டச்சுக்காரர்கள், அச்சுப்பொறிக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் கோடு இழுக்கும் கட்டளைக்குப் பதில் தாறுமாறாக இழுக்கும் கட்டளையை வைத்தார்கள். அச்சுப்பொறியே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டதால், ஒரே பக்கத்தில் வரும் இரண்டு ஆங்கில ‘ஏ’ கூட ஒத்துப்போகாது.

ஆங்கில எழுத்துக்குத் தாங்கும் நடுக்கம் நமக்குத் தாங்காது. எ–ஏ, ஒ–ஓ, கி–கீ, ெ–ே: எல்லாமே ஒரு சுழியிலோ ஒரு வாலிலோதான் பிரிகின்றன. அந்தப் புள்ளிகளைப் பூட்டிவிடுங்கள். மற்றவற்றுக்கு, எழுத்து வரையும் 1000 அலகுச் சதுரத்தில் கோட்டின் தடிமன் 80 என்றால், நகர்வு கூடக்குறைய 8 போதும். வளைவுப் புள்ளியும் வளைவை இழுத்துப் பிடிக்கும் அதன் இரண்டு கைப்பிடிகளும் ஒரே அளவு நகர வேண்டும். புள்ளி மட்டும் நகர்ந்தால் வளைவில் மூக்கு முளைக்கும். மெய்யின் புள்ளியை அதன் எழுத்தோடு சேர்த்தே நகர்த்துங்கள். தனியே விட்டால் பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும், ‘பட்டம்’ ‘படட்ம்’ ஆகும்.

எழுத்துருவாகவே செய்வதென்றால், ஓப்பன்டைப் என்ற எழுத்துரு வடிவத்தில், வடிவங்களைத் தற்செயலாக மாற்றும் ‘ரேண்ட்’ என்ற வசதி இருந்தாலும் பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் 3 வடிவம் வரைந்து, பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் மாற்றும் ‘கேல்ட்’ விதி மூலம் சுழற்சியில் மாற்றுவதே நடைமுறை. சோதிக்க ‘அக்கா’, ‘அம்மா’, ‘பாட்டி’ என்று அடியுங்கள். இரட்டை மெய் ஒரே அச்சாக வந்தால் விதி வேலை செய்யவில்லை.

கேள்வி: ஆச்சி போடும் சிக்குக் கோலம்போல், ஒரே இழையில் முடியும் கோலத்தைக் கணினி தானாகப் போடுமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: போடும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழு 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிவிட்டது.

5×5 நேர்ப்புள்ளி வையுங்கள். முதலில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தனி வட்டம் இருப்பதாகக் கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஜோடிகள் 40. ஒரு ஜோடிக்கு நடுவே இழை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் அந்த இரு வட்டமும் ஒன்றாகும். 40-இலும் மனம்போனபடி பகடை உருட்டினால் இழை பலவாகிவிடும். ஏற்கெனவே இணைந்த புள்ளிகளுக்கிடையே மறுபடி வெட்டாமல், சரியாக 24 இடத்தில் வெட்டவிட்டால் 25 வட்டமும் ஒரே இழையாகும்.

அப்படி வரும் கோலம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்கும், ஆச்சி ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கால் சுற்றுத் திருப்பினாலும் மாறாதபடி வேண்டுமென்றால், 40 ஜோடியை நாலு நாலாகப் பிரித்து 10 கூட்டமாக்கி, அதில் 6 கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மொத்தமே 210 வழிதான். பகடைகூட வேண்டாம், எல்லாவற்றையும் கணினி சோதித்து ஒற்றை இழையாகத் தேறுவதை மட்டும் தரட்டும்.